சரக்கிருப்பு மென்பொருள்: எண்ணை வைப்பதா, நடந்ததை வைப்பதா?

கடைக்கோ சிறு தொழிலுக்கோ ஸ்டாக் மென்பொருள் எழுதுகிறவர்களும், எழுதச் சொல்லிக் காசு கொடுக்கிறவர்களும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: "ஒவ்வொரு ஐட்டத்துக்கும் நேராக இருப்பு என்று ஒரு கட்டம் போட்டால் போதாதா? பேட்ச் (ஒன்றாகத் தயாரான தொகுதி), சீரியல் (பீஸுக்கு ஒரு தனி எண்), குடோன் எல்லாம் கட்டாயம் வேண்டுமா?" பில்லின் வடிவத்தை நாளைக்கே மாற்றிவிடலாம். டேட்டாபேஸின் அமைப்பை அப்படி மாற்ற முடியாது. மூன்று வருடக் கணக்கு உள்ளே ஏறிய பிறகு அதில் கைவைப்பது பெரும்பாடு. அதனால் இந்தக் கேள்வியை வேலை தொடங்கும் முன்பே தீர்த்துக்கொள்வது நல்லது.

எளியது, நடுத்தரம், கடினம் என்று எல்லா முறைகளையும் ஒரே வரிசையில் அடுக்கிப் பார்ப்பதால்தான் பலர் குழம்புகிறார்கள். உண்மையில் இங்கே இருப்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். சரக்கு அசைவதை எப்படிப் பதிவது என்பது ஒன்று. சரக்கை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குக் கடை முழுவதற்கும் ஒரே விடை. இரண்டாவதற்கு அலமாரிக்கு அலமாரி விடை மாறும். இதைப் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

கணக்கு உதைத்தால் காரணம் சொல்லுமா? கம்ப்யூட்டரில் 42, அலமாரியில் 39. எந்தக் கடையிலும் இது நடக்கும். அந்த மூன்று எங்கே போனது என்று தேட வழி இருக்கிறதா என்பதுதான் முதல் அளவுகோல்.

ஒரே நேரத்தில் இரண்டு பேர் பில் போட்டால் தாங்குமா? ஒரே கவுண்டர் உள்ள கடைக்கு இது பெரிய விஷயமில்லை. இரண்டாவது கவுண்டர் வந்த அன்றே பெரிய விஷயமாகிவிடும்.

சட்டம் கேட்பதைத் தருமா? ஜிஎஸ்டி விதி 56 சரக்குக் கணக்கில் எதெல்லாம் இருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது: தொடக்க இருப்பு, வரவு, விற்பனை, தொலைந்தது, திருட்டுப் போனது, அழிந்தது, கணக்கிலிருந்து நீக்கியது, இலவசமாகவோ மாதிரியாகவோ கொடுத்தது, மீதி இருப்பு. மூலப்பொருள், கழிவு உட்பட. காம்போசிஷன் திட்டத்தில் (விற்றுமுதலில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை வரியாகக் கட்டும் சிறு வணிகர் திட்டம்) இருப்பவர்களுக்கு மட்டும் இந்தச் சரக்குக் கணக்கிலிருந்து விலக்கு. ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்களுக்கு இந்தக் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும்.

பில் போடுகிறவர் கைக்கு எவ்வளவு வேலை? மென்பொருள் எழுதுகிறவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். ஹார்டு டிஸ்க்கில் இடம் மலிவு. மாலை ஆறு மணிக்குக் கவுண்டரில் கூட்டம் நிற்கும்போது ஒரு கட்டத்தைக் கூடுதலாக நிரப்பச் சொல்வது மலிவல்ல. அந்த நேரத்தில் நிரப்பப்படும் கட்டத்தில் என்ன இருக்குமோ, அதுதான் உங்கள் டேட்டாவின் தரம்.

பின்னால் மாற முடியுமா? நுணுக்கமாக எழுதி வைத்ததைக் கூட்டி மொத்தம் எடுக்கலாம். மொத்தமாக எழுதி வைத்ததைப் பிற்பாடு பிரிக்கவே முடியாது.

## முதல் கேள்வி: அசைவை எப்படிப் பதிவது

### இருப்பு எண் மட்டும்

ஐட்டத்துக்கு ஒரு வரி, அதில் ஒரு எண். வாங்கினால் கூட்டு, விற்றால் கழி. ஒரு நாளில் எழுதி முடித்துவிடலாம். அறிக்கைகள் கண் இமைக்கும் நேரத்தில் வரும்.

இதில் முதல் ஆபத்து இரண்டு கவுண்டர்கள். இருப்பு 10. இரண்டு கவுண்டரும் ஒரே நொடியில் 10 என்று படிக்கின்றன. ஒருவர் 3 விற்று 7 என்று எழுதுகிறார். இன்னொருவர் 2 விற்று 8 என்று அதன் மேலேயே எழுதுகிறார். உண்மையில் இருப்பது 5. எண்ணைப் படித்துக் கணக்குப் போட்டுத் திரும்ப எழுதாமல், "இருப்பதிலிருந்து இரண்டைக் கழி" என்று டேட்டாபேஸுக்கே கட்டளை கொடுத்தால் இதைத் தவிர்க்கலாம்.

இரண்டாவது ஆபத்துக்கு அப்படி மருந்து கிடையாது. எண் தவறினால் அது எப்போது, யாரால், எதனால் தவறியது என்பதற்கு எந்தத் தடயமும் இருக்காது. உடனே கடைக்காரர் எண்ணைக் கையால் திருத்துவார். திருத்தியதற்கும் தடயம் இருக்காது. விதி 56 கேட்கும் தொலைந்தது, அழிந்தது போன்ற பிரிவுகளுக்கு இந்த அமைப்பில் இடமே இல்லை. அதில் பணமும் இருக்கிறது: தொலைந்த, அழிந்த, இலவசமாகக் கொடுத்த சரக்குக்கு உள்ளீட்டு வரிக் கடன் (வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) கிடையாது என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 17(5). எடுத்த கடனைத் திருப்ப வேண்டும் என்றால் எவ்வளவு அழிந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இது சரியாக வரும் இடங்களும் உண்டு. அலுவலகத்தின் பேனா, காகிதம், துடைப்பம். பட்டறையில் கிலோ கணக்கில் வாங்கிக் கைப்பிடி கைப்பிடியாக எடுக்கும் ஆணி, வாஷர். குறைந்தால் வாங்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்கிற எதற்கும் இது போதும்.

### வரவு செலவுப் பேரேடு

இங்கே இருப்பை யாரும் எழுதுவதில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறோம். கொள்முதல் 100, விற்பனை 30, உடைந்தது 2, திரும்பி வந்தது 1. இருப்பு 69 என்பது இவற்றைக் கூட்டிக் கழித்து வருவது. ஒவ்வொரு வரியிலும் தேதி, அளவு, காரணம், ஆள், எந்தப் பில் என்ற விவரம் இருக்கும். எழுதிய வரியைத் திருத்துவதோ அழிப்பதோ இல்லை. தவறாகப் பதிந்தால் அதற்கு எதிர்ப்பதிவு போட வேண்டும்.

இது கம்ப்யூட்டர் கொண்டுவந்த யோசனை அல்ல. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து கொடுக்கக் கையாண்ட பாஸ்புக் முறை இந்த வகைதான். மருத்துவமனைக்கு இவ்வளவு ரூபாய் மதிப்புக்கு மருந்து என்று ஒதுக்கீடு. மாவட்டக் கிடங்கிலிருந்து எடுக்க எடுக்க அதில் பதிவாகும். மீதி எவ்வளவு என்பதோடு, அந்த மீதி எப்படி வந்தது என்பதும் அதே புத்தகத்தில் இருக்கும்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று.

வரிகள் லட்சக்கணக்கில் சேர்ந்தபின் ஒவ்வொரு பில்லுக்கும் முதலிலிருந்து கூட்டிக்கொண்டிருக்க முடியாது. அதனால் கூட்டி வந்த இருப்பைத் தனியாக ஒரு டேபிளில் வைப்பார்கள். ஈஆர்பிநெக்ஸ்ட் போன்ற மென்பொருள்களும் பேரேடு ஒருபக்கம், கூட்டிய இருப்பு ஒருபக்கம் என்றே வைத்திருக்கின்றன. இரண்டையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் எழுத வேண்டும். அதாவது இரண்டும் சேர்ந்து பதிவாக வேண்டும், இல்லையென்றால் இரண்டுமே பதிவாகக் கூடாது. தினமும் கடை மூடிய பிறகு இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பேரேடு சொல்வதே சரி என்ற முடிவை முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும்.

அடுத்தது, பின்தேதிப் பதிவு. சரக்கு இன்று வந்து இன்றே விற்பனைக்குப் போய்விடும். கொள்முதல் பில்லை அடுத்த வாரம்தான் ஏற்றுவார்கள். நடுவில் இருப்பு மைனஸில் போகும். இதைத் தடுத்தால் பில் போட முடியாமல் வாடிக்கையாளர் திரும்பிப் போவார். அனுமதித்தால் சராசரி விலை, லாபம் எல்லாம் அந்த வாரம் முழுக்கத் தவறாக இருக்கும், கொள்முதல் ஏறியதும் பின்னோக்கித் திரும்பக் கணக்கிட வேண்டும். என் கருத்தில், சில்லறைக் கடையில் எச்சரிக்கையோடு அனுமதிக்கலாம். குடோனில் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்.

கடைசியாக, ஸ்டாக் எடுப்பது. எண்ணி முடித்த தொகையை நேராக இருப்பில் எழுதக் கூடாது. வித்தியாசம் மட்டும் "ஸ்டாக் எடுத்ததில் குறைவு" என்ற காரணத்தோடு ஒரு வரியாக வர வேண்டும். எண்ணிக்கொண்டிருக்கும்போதே விற்பனையும் நடந்தால், எண்ணிய நேரம் எது என்பதையும் பதிந்தாக வேண்டும்.

இத்தனையையும் சொல்லிவிட்டுத்தான் சொல்கிறேன்: விற்பனைக்குச் சரக்கு வைத்திருக்கும் எவருக்கும் இதற்குக் கீழே இறங்கப் பரிந்துரைக்க மாட்டேன். கவுண்டரில் இருப்பவருக்கு இதனால் கூடுதல் வேலை எதுவும் இல்லை. பில் போடும்போது அவர் கொடுக்கும் விவரமே போதும். கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: 2023 ஏப்ரல் 1 முதல் அவர்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிய வேண்டும், அந்தப் பதிவை அணைக்க முடியாதபடியும் இருக்க வேண்டும்.

### எங்கிருந்து, எங்கே

பேரேட்டின் அடுத்த படி. கூட்டல், கழித்தல் என்று எழுதாமல், ஒவ்வொரு வரியிலும் புறப்பட்ட இடம், சேர்ந்த இடம் இரண்டையும் எழுதுவது. சப்ளையர் ஒரு இடம், வாடிக்கையாளர் ஒரு இடம், சேதமும் ஒரு இடம். எல்லா இடங்களையும் கூட்டினால் எப்போதும் பூஜ்யம்தான் வரும். ஓடூ மென்பொருள் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

சாதாரணப் பேரேட்டில் சென்னை குடோனிலிருந்து மதுரைக்கு அனுப்பினால் இரண்டு வரி தேவை: அங்கே கழி, இங்கே கூட்டு. ஒன்று விழுந்து மற்றொன்று விழாவிட்டால் சரக்கு காற்றில் கரைந்துவிடும். இங்கே ஒரே வரி என்பதால் பாதிப் பதிவு என்பதே இல்லை. லாரியில் இருக்கும் சரக்குக்கு "வழியில்" என்று ஓர் இடம் கொடுத்துவிடலாம்.

இந்த முறையின் அருமை திருப்பூரில் தெரியும். நூல் நிட்டிங்குக்குப் (பின்னலுக்கு) போகிறது, கிரே துணி (சாயமிடாத துணி) சாயப்பட்டறைக்குப் போகிறது, அங்கிருந்து காம்பாக்டிங் (துணி பிற்பாடு சுருங்காதபடி அழுத்துவது), பிறகு கட்டிங். ஒவ்வொரு கட்டத்திலும் சரக்கு உங்களுடையது, ஆனால் உங்கள் கூரையின் கீழ் இல்லை. 500 கிலோ கிரே துணி போய் 485 கிலோ சாயத்துணியாக வந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த 15 கிலோ வேலையில் குறைந்ததா, பட்டறையிலேயே கிடக்கிறதா? பட்டறையை ஓர் இடமாக வைத்திருந்தால் 15 கிலோ அங்கேயே நிற்கும். நீங்கள் கேட்டுத் தெளிந்து, குறைவுக் கணக்குக்கு நகர்த்தும்வரை அது மறையாது. சட்டத்துக்கும் இது வேண்டும். ஜிஎஸ்டி பிரிவு 143-இன்படி ஜாப் ஒர்க்குக்கு (வெளியார் பட்டறையில் கூலிக்குச் செய்துதரும் வேலைக்கு) வரி கட்டாமல் அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பி வரவோ, அங்கிருந்தே விற்கப்படவோ வேண்டும். இல்லையென்றால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதப்படும். எந்தப் பட்டறையில் எத்தனை கிலோ எந்தத் தேதியிலிருந்து கிடக்கிறது என்ற கேள்விக்குச் சாதாரண இருப்புப் பட்டியல் பதில் சொல்லாது.

செலவு எங்கே? இடங்களின் பட்டியலைப் பராமரிப்பதில். அலமாரி, தட்டு, மூலை என்று இடங்களை அடுக்கிக்கொண்டே போனால், சரக்கை நகர்த்துகிறவர் பதிய மறப்பார், மொத்தம் சரியாக இருந்தும் எந்த இடத்தின் கணக்கும் சரியாக இருக்காது. ஆள் பொறுப்பு மாறும் இடத்தை மட்டும் இடமாக வையுங்கள். ஒரே கடை, ஒரே அறை, ஜாப் ஒர்க் இல்லை என்றால் இந்த முறையே தேவையில்லை.

## இரண்டாவது கேள்வி: எவ்வளவு பிரிப்பது

### பொருள் அளவில்

ஒரு பாக்கெட் உப்பும் இன்னொரு பாக்கெட் உப்பும் ஒன்றே என்று கொள்வது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுத்தால் யாரும் கவலைப்படாத பொருள்களுக்கு இதுவே போதும்.

ஆனால் ஒன்றேபோலத் தெரிந்து ஏமாற்றும் பொருள்கள் உண்டு. மின்சாதனக் கடையில் வீட்டு வயர் 90 மீட்டர் காயிலாக வரும். வெட்டி விற்றதில் ஒரு காயிலில் 40 மீட்டர், இன்னொன்றில் 30 மீட்டர் மிச்சம். கம்ப்யூட்டர் 70 மீட்டர் என்கிறது. ஒட்டுப்போடாமல் 60 மீட்டர் கேட்டு வருகிறவருக்குக் கொடுக்க உங்களிடம் எதுவும் இல்லை. துணி ரோலுக்கும் இதே கதை. வெட்டி விற்கும் பொருளில் ஒவ்வொரு துண்டும் தனி இருப்பு.

அளவுக்கான அலகையும் இங்கேயே முடிவு செய்ய வேண்டும். பெட்டி, அட்டை, மாத்திரை என்று மூன்று அலகில் விற்கும் கடையில் இருப்பை மாத்திரையில் மட்டும் வையுங்கள். எடையைக் கிராமில் முழு எண்ணாக வையுங்கள். தசமக் கிலோவில் வைத்தால் கூட்டக் கூட்ட கடைசி இலக்கத்தில் பிசிறு தட்டும்.

### பேட்ச் அளவில்

மருந்துக்கடைக்கு இது விருப்பமல்ல, கட்டாயம். காலாவதியைப் பார்த்து எடுத்துவைப்பது, மொத்த வியாபாரிக்குத் திருப்புவது, தரமில்லை என்று ஒரு பேட்ச் திரும்பப் பெறப்பட்டால் அலமாரியிலிருந்து அதை மட்டும் எடுப்பது, எல்லாம் பேட்ச் எண்ணை வைத்துத்தான். இங்கே முதலில் வந்ததை முதலில் விற்பது என்ற விதியும் போதாது. பிற்பாடு வந்த பேட்ச் முன்பே காலாவதியாகலாம். முதலில் காலாவதியாவது முதலில் போக வேண்டும்.

பலரும் கவனிக்காத இன்னொன்று விலை. நம் நாட்டில் எம்ஆர்பி பொருளோடு ஒட்டியதல்ல, அச்சிட்ட பெட்டியோடு ஒட்டியது. 2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது, பழைய விலை அச்சிட்டதும் புதிய விலை அச்சிட்டதும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஐட்டத்துக்கு ஒரே எம்ஆர்பி என்று கட்டிய மென்பொருளால் இதைச் சொல்லவே முடியாது. மருந்து விற்காத மளிகைக் கடைக்கும் இதே நிலைமைதான். எம்ஆர்பி, காலாவதி, கொள்முதல் விலை, ஒரு அட்டைக்கு எத்தனை மாத்திரை என்பது, நான்கையும் பேட்சோடு வையுங்கள்.

சாயமிட்ட துணி, டைல்ஸ், பெயிண்ட் ஆகியவற்றுக்கும் பேட்ச் வேண்டும். ஒரே நிறத்தின் பெயர், ஒரே நிறுவனம், ஆனால் வேறு லாட் (தொகுதி) என்றால் ஷேடு மாறும். ஒரு ஆர்டரை இரண்டு லாட்டிலிருந்து வெட்டி அனுப்பினால் அது திரும்பி வரும்.

இதன் செலவு முழுவதும் கவுண்டரில் விழுகிறது. திரையில் முதலில் தெரியும் பேட்சைத் தட்டிவிட்டு, கையில் கிடைத்த அட்டையைக் கொடுத்துவிடுவார்கள். மொத்தம் சரி, பேட்ச் தப்பு. சில மாதங்களில், தீர்ந்துபோனதாகக் காட்டும் பேட்ச் அலமாரியில் இருக்கும், இருப்பதாகக் காட்டுவது இருக்காது. காலாவதி எச்சரிக்கை அதோடு பயனற்றுப் போகும். பெட்டியின் மேல் உள்ள ஸ்கேன் குறியீட்டில் பேட்சும் காலாவதியும் சேர்ந்தே அச்சாகியிருந்தால் ஸ்கேன் செய்வதுதான் நம்பகமான வழி. வெறும் பார்கோடில் பெரும்பாலும் பொருளின் எண் மட்டுமே இருக்கும். பேட்ச் ஒட்டிய லேபிளை நீங்களே அச்சிட வேண்டியிருக்கும், அந்த உழைப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஷெட்யூல் எச்1 மருந்துகளுக்கு (டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத, கூடுதல் கண்காணிப்பில் உள்ளவை) தனிப் பதிவேடு உண்டு. எழுதிக்கொடுத்த டாக்டர், நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைப் பதிந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2014 மார்ச் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. இந்த விவரங்கள் சரக்கின் அசைவு வரியோடு இணைய வேண்டும். தனி நோட்டில் எழுதினால் இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போகாது.

### சீரியல் அளவில்

ஒவ்வொரு பீஸும் ஒரு வரி. அளவு என்பது ஒன்று அல்லது பூஜ்யம். செல்போன், இன்வெர்ட்டர், லேப்டாப், வாடகைக்கு விடும் கருவிகள், நகை.

நகைக்கடைக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை. இரண்டு வளையல் ஒரே எடை இருக்காது. மொத்த எடை, கல் எடை, நிகர எடை, கூலி எல்லாம் பீஸுக்குப் பீஸ் மாறும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையை நகைக்கு நகை மாறும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி எண்ணோடுதான் விற்க முடியும். அந்த எண்ணே உங்கள் சீரியல் என்று விட்டுவிடாதீர்கள். ஹால்மார்க்குக்குப் போவதற்கு முன்பும் அந்த நகை உங்கள் கணக்கில் இருக்கிறது. உங்கள் சொந்த டேக் எண் முதன்மை, எச்யூஐடி அதன் ஒரு விவரம்.

செல்போனிலும் இதே எச்சரிக்கை. இரண்டு சிம் போனுக்கு இரண்டு ஐஎம்இஐ (போனின் அடையாள எண்). ஒரு பீஸுக்கு ஒரே எண் என்று கட்டினால், சர்வீஸுக்கு வந்தவர் இரண்டாவது எண்ணைச் சொல்லும்போது "எங்கள் கடையில் விற்றதல்ல" என்று திரை காட்டும்.

செலவு வெளிப்படை: வரும்போதும் போகும்போதும் ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்ய வேண்டும். பத்து ரூபாய் சார்ஜர் பின்னுக்கு இதைச் செய்யச் சொன்னால் ஊழியர்கள் இரண்டாம் நாளே குறுக்குவழி கண்டுபிடிப்பார்கள்.

## ஒரே பார்வையில்

| முறை | எந்தக் கேள்விக்குப் பதில் | மறைந்த செலவு | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|
| இருப்பு எண் மட்டும் | இப்போது எவ்வளவு? | தடயம் இல்லை | அலுவலக, பட்டறைச் சில்லறைப் பொருள் |
| பேரேடு | ஏன் இவ்வளவு? | தினசரிச் சரிபார்ப்பு, பின்தேதிப் பதிவு | ஒரே இடத்தில் விற்கும் எந்தக் கடையும் |
| எங்கிருந்து, எங்கே | யார் கையில் எவ்வளவு? | இடப் பட்டியல் பராமரிப்பு | பல கிளை, ஜாப் ஒர்க் |
| பேட்ச் | எந்தத் தொகுதி, என்ன விலை, எப்போது காலாவதி? | கவுண்டரில் தவறான தேர்வு | மருந்து, உணவு, சாயத்துணி, டைல்ஸ் |
| சீரியல் | இந்த ஒரு பீஸ் எங்கே போனது? | ஒவ்வொன்றுக்கும் ஸ்கேன் | போன், நகை, வாடகைக் கருவி |

## எப்படித் தேர்ந்தெடுப்பது

பதியும் முறையில் பேரேட்டை வையுங்கள். சரக்கு உங்கள் பொறுப்பில் இருந்தும் உங்கள் கூரையின் கீழ் இல்லாத நிலை ஒன்றே ஒன்று இருந்தாலும் "எங்கிருந்து, எங்கே" முறைக்குப் போங்கள். இப்போது ஒரே கடை, இரண்டு வருடத்தில் கிளை வரலாம் என்றால், ஒவ்வொரு வரியிலும் இடம் என்ற கட்டத்தை இப்போதே வைத்து, "கடை" என்று தானாக நிரம்பச் செய்யுங்கள்.

பிரிக்கும் நுணுக்கத்தை ஐட்டத்துக்கு ஐட்டம் முடிவு செய்யுங்கள். ஐட்டத்தின் விவரத்தில் சாதா, பேட்ச், சீரியல் என்று ஒரு தேர்வு இருந்தால் போதும். மருந்துக்கடையில் மாத்திரைக்குப் பேட்ச், சர்க்கரை அளக்கும் கருவிக்குச் சீரியல், பஞ்சு உருண்டைக்குச் சாதா. ஒரு ஐட்டத்துக்கு எது என்று தயக்கமாக இருந்தால் அதைப் பில் போடுகிறவரிடம் கேளுங்கள்: இதில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று மாறிப்போனால் வாடிக்கையாளர் திரும்ப வருவாரா? வருவார் என்றால் பிரியுங்கள்.

ஆன்லைன் ஆர்டரும் எடுக்கிறீர்கள் என்றால், ஒதுக்கி வைத்ததை அசைவாக எழுதாதீர்கள். சரக்கு இன்னும் நகரவில்லை. ஒதுக்கீட்டைத் தனி டேபிளில், எப்போதுவரை செல்லும் என்ற நேரத்தோடு வைத்து, இருப்பிலிருந்து கழித்து விற்கக்கூடியது எவ்வளவு என்று காட்டுங்கள்.

ஏற்கனவே இருப்பு எண் மட்டும் வைத்திருக்கும் கடை பேரேட்டுக்கு மாற நல்ல நாள் மார்ச் 31 இரவு. எப்படியும் அன்று ஸ்டாக் எடுப்பீர்கள். எண்ணியதை ஒவ்வொரு ஐட்டத்துக்கும் "தொடக்க இருப்பு" என்று ஒரே வரியாகப் போட்டு, ஏப்ரல் 1 காலையிலிருந்து அசைவுகளை எழுதுங்கள். பேட்ச் ஐட்டங்களை எண்ணும்போதே அட்டையைத் திருப்பிப் பேட்ச் வாரியாக எண்ணுங்கள். மொத்தத்தை மட்டும் எழுதிவிட்டு அப்புறம் பிரித்துக்கொள்ளலாம் என்றால் அந்த அப்புறம் வருவதில்லை. பழைய எண்ணை மூன்று மாதம் அழிக்காமல் பக்கத்தில் வைத்திருங்கள். ஆனால் அதைத் திருத்தும் பட்டனை அன்றிரவே எடுத்துவிடுங்கள்.